கருங்கல் சந்தையில் வாங்கும் பொம்மையில் ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கா? 2 வயசுப் பிள்ளைக்குப் பொம்மை வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் சந்தை வழியாகப் போனால் ஒரு பிள்ளையின் கண்ணில் படும் பொம்மைகளுக்குக் கணக்கே இல்லை. பிளாஸ்டிக் கவருக்குள் தொங்கும் பெண் பொம்மை, அமுக்கினால் பாடும் கரடி, பஞ்சு அடைத்த முயல் என்று எல்லாமே கைக்கு எட்டும் விலையில் இருக்கும். மண்டைக்காடு மாசிக் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ் நாட்கள் என்றால் கடைகளின் எண்ணிக்கை இன்னும் கூடும். இது போதாதென்று கைப்பேசியில் ஒரு தட்டு தட்டினால் வீட்டு வாசலுக்கே பொம்மை வந்துவிடுகிறது.

ஆனா, இப்படி வாங்கும் பொம்மையின் கவரைத் திருப்பிப் பார்த்து, அதில் ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கான்னு தேடுபவர்கள் எத்தனை பேர்? பிரஷர் குக்கருக்கும் தலைக்கவசத்துக்கும் முத்திரை பார்க்கிற பழக்கம் நமக்கு வந்துவிட்டது. பொம்மைக்கும் அது கட்டாயம் என்பது பலருக்கும் இன்னும் புதிய செய்திதான். இத்தனைக்கும் இந்தச் சட்டம் 2021-லிருந்தே நடைமுறையில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்லுது?

மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2020 பிப்ரவரியில் பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையை வெளியிட்டது. 2021 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்காகத் தயாரிக்கப்படும் எல்லாப் பொம்மைகளுக்கும் இது பொருந்தும். இந்தியாவில் செய்ததோ, வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ததோ, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்) உரிமமும் ஐ.எஸ்.ஐ முத்திரையும் இல்லாமல் விற்கக் கூடாது.

பேட்டரியோ மின்சாரமோ இல்லாத பொம்மைகளுக்கு ஐ.எஸ். 9873 என்ற தரநிலை. மின்சாரத்திலோ பேட்டரியிலோ இயங்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ். 15644. முதல் தரநிலைக்குப் பல பாகங்கள் உண்டு. பொம்மை உடைந்தால் கூர்மையான முனை வருமா, சிறு துண்டு கழன்று விழுமா என்பதை ஒரு பாகம் பார்க்கிறது. சீக்கிரம் தீப்பிடிக்குமா என்று இன்னொன்று. சாயத்திலிருந்து ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் கசியுமா என்று மற்றொன்று. பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கப்படும் தாலேட் என்ற வேதிப்பொருளுக்கும் தனிப் பாகம் இருக்கிறது.

மீறினால்? பி.ஐ.எஸ் சட்டம் 2016-ன்படி முதல் முறை 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம். மறுபடியும் பிடிபட்டால் குறைந்தது 5 லட்சம். கவனிக்க வேண்டியது, தயாரிப்பவர் மட்டுமல்ல. விற்பவர், சேமித்து வைப்பவர், விற்பனைக்காகக் காட்சிக்கு வைப்பவர் எல்லோருமே இதற்குள் வருகிறார்கள்.

திடீர்னு ஏன் இந்தச் சட்டம்?

திடீரென்று வரவில்லை. 2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம், சீனாவில் தயாரான ஃபிஷர்-பிரைஸ் பொம்மைகளை, அமெரிக்காவில் மட்டும் சுமார் 9.67 லட்சம் எண்ணிக்கையில், சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. காரணம், பெயின்டில் ஈயம். உலகின் மிகப் பெரிய பொம்மை நிறுவனங்களில் ஒன்றுக்கே இந்த நிலை என்றதும் பல நாடுகள் விழித்துக்கொண்டன. இந்தியா 2009 ஜனவரியில் சீனப் பொம்மை இறக்குமதிக்கு 6 மாதத் தடை விதித்தது. பிறகு பரிசோதனைச் சான்று இருந்தால் அனுமதி என்று அதைத் தளர்த்தியது.

அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 2019-ல் இந்தியத் தரக் கவுன்சில் கடைகளிலிருந்து இறக்குமதிப் பொம்மைகளை வாங்கிச் சோதித்தது. சுமார் 67 சதவீதம் பொம்மைகள் பாதுகாப்புச் சோதனையில் தோற்றன. மூன்றில் இரண்டு. சந்தைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொம்மையை எடுத்தால், அது பாதுகாப்பற்றதாக இருக்கும் வாய்ப்பே அதிகம் என்பதுதான் இதன் பொருள்.

கூடவே வணிகக் கணக்கும் இருந்தது. சீன இறக்குமதியைக் குறைத்து உள்நாட்டு உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்பது அரசின் நோக்கம். அதனால் பொம்மைக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2014-15-ஐ ஒப்பிட, 2022-23-ல் பொம்மை இறக்குமதி 52 சதவீதம் குறைந்து, ஏற்றுமதி 239 சதவீதம் கூடியதாக லக்னோ ஐ.ஐ.எம். செய்த ஆய்வு கூறுகிறது.

அப்புறம் ஏன் முத்திரை இல்லாத பொம்மை இன்னும் கிடைக்குது?

இங்கேதான் சிக்கல். இறக்குமதி குறைந்ததும், கடைத்தெருவில் இருக்கும் பொம்மை பாதுகாப்பானதாக மாறியதும் ஒன்றல்ல. துறைமுகத்தில் ஒரு கன்டெய்னரை நிறுத்திச் சோதிப்பது எளிது. பத்து நாள் திருவிழாவில் தார்ப்பாய் விரித்து விற்கும் நூறு கடைகளைச் சோதிப்பது எளிதல்ல.

பெரிய கடைகளிலேயே நிலைமை சரியாக இல்லை. 2023 ஜனவரியில் நாடு முழுக்க நடந்த சோதனைகளில், விமான நிலையங்களிலும் வணிக வளாகங்களிலும் இருந்த பெயர்பெற்ற கடைகளிலிருந்து முத்திரையில்லாத 18,600 பொம்மைகள் பறிமுதல் செய்யப்பட்டன. அதே நேரத்தில் அமேசான், ஃபிளிப்கார்ட், ஸ்நாப்டீல் ஆகிய மூன்று இணைய விற்பனைத் தளங்களுக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

சிறு வியாபாரியின் பக்கமும் ஒன்று இருக்கிறது. அவர் மொத்த விலைக் கடையில் மூட்டையாக வாங்கி வருகிறார். மூட்டைக்குள் எதில் முத்திரை இருக்கு, எதில் இல்லை என்று அவருக்குத் தெரிய வாய்ப்பு குறைவு. சிறு உற்பத்தியாளருக்கோ, உரிமக் கட்டணமும் பரிசோதனைச் செலவும் பெரிய சுமை. இதனால்தான் குறு நிறுவனங்கள் சொந்தமாகப் பரிசோதனைக்கூடம் வைப்பதற்கு அரசு கால அவகாசம் கொடுத்தது. 2023 முடிவதற்குள் உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்கு 1,200-க்கும் மேற்பட்ட உரிமங்கள் வழங்கப்பட்டுவிட்டன. அதனால், முத்திரையுள்ள பொம்மையே கிடைக்காது என்ற பேச்சுக்கு இப்போது இடமில்லை. கேட்டு வாங்குபவர்கள் குறைவு என்பதுதான் பிரச்சினை.

முத்திரையை எப்படிச் சரிபார்ப்பது?

ஐ.எஸ்.ஐ என்ற எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதனால் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

- முத்திரைக்கு மேலே தரநிலை எண் இருக்க வேண்டும்: ஐ.எஸ். 9873 அல்லது ஐ.எஸ். 15644.
- முத்திரைக்குக் கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும்.
- அந்த எண்ணை 'பி.ஐ.எஸ் கேர்' செயலியில் போட்டால், உரிமம் யாருடையது, இப்போதும் செல்லுபடியாகிறதா என்று காட்டும். கவரில் இருக்கும் நிறுவனப் பெயரும் செயலி காட்டும் பெயரும் ஒத்துப்போக வேண்டும்.

கடையில் நின்றபடியே ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலை இது. இணையத்தில் வாங்குவதாக இருந்தால், படங்களில் முத்திரையும் எண்ணும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அடுத்த பொம்மைக்குப் போய்விடுவது நல்லது. ஏமாற்றப்பட்டால் செயலியிலேயே புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் அழைக்கலாம்.

வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்த பொம்மை?

கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் பல வீடுகளில் பிள்ளையின் முதல் பெரிய பொம்மை கடையிலிருந்து வருவதில்லை. துபாயிலிருந்தோ குவைத்திலிருந்தோ பெட்டிக்குள் வருகிறது. அதில் ஐ.எஸ்.ஐ முத்திரையை எதிர்பார்க்க முடியாது. ஆனால் வளைகுடா நாடுகளுக்கும் பொம்மைச் சட்டம் உண்டு. அங்கே விற்கும் பொம்மையில் 'ஜி' என்ற எழுத்துள்ள வளைகுடா தர முத்திரை இருக்க வேண்டும். ஐரோப்பாவில் 'சி.இ' முத்திரை. ஊருக்கு வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: "மாமா, அந்த முத்திரை பார்த்து வாங்குங்க. மூணு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குன்னு கடையில சொல்லுங்க." பெட்டி வந்து இறங்கிய பிறகு குறை சொல்வதைவிட இது சுலபம்.

கையால் செய்த பொம்மைன்னா பாதுகாப்பானதா?

இந்த ஆணையிலிருந்து இரண்டு தரப்புக்கு விலக்கு உண்டு. மத்திய கைவினைப்பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளின் பதிவு உரிமையாளர்களுக்கும் ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயமில்லை. கர்நாடகத்தின் சன்னபட்னா மரப்பொம்மை, நம்ம தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை போன்ற புவிசார் குறியீட்டுப் பொம்மைகளின் தொழில் நசிந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. நியாயமானதும்கூட.

ஆனா விலக்கு என்றால் 'சோதித்தாச்சு, பாதுகாப்பானது' என்று அர்த்தமில்லை. 'சோதிக்கக் கட்டாயமில்லை' என்றுதான் அர்த்தம். தலையாட்டிப் பொம்மை அழகுதான். ஆனால் காகிதக்கூழ், களிமண், பெயின்ட் சேர்ந்தது. அது அலமாரியில் இருக்கட்டும். எதையும் வாயில் வைக்கும் வயசுப் பிள்ளையின் கையில் வேண்டாம். சன்னபட்னா, அம்பாசமுத்திரம் சொப்பு போன்ற அரக்கு பூசிய மரப்பொம்மை வாங்கினால், இயற்கைச் சாயமா, உரியுமா என்று விற்பவரிடம் கேளுங்கள். சொப்புச் சாமானில் மிகச் சின்னக் கிண்ணங்களை மூன்று வயசு வரை எடுத்து வையுங்கள்.

நம்ம ஊரின் பனையோலைக் கிலுகிலுப்பை, மரப்பாச்சி, வீட்டில் தைத்த துணிப் பொம்மை எல்லாம் இன்றைக்கும் நல்ல தேர்வுதான். ஓலைப் பின்னலில் உள்ளே இருக்கும் கல்லோ விதையோ வெளியே வராமல் இருக்கணும், ஓலை முனை கிழிக்காமல் இருக்கணும், சாயம் தோய்க்காத ஓலையாக இருக்கணும். அவ்வளவுதான்.

1 முதல் 3 வயசு: எதெல்லாம் ஆபத்து?

இந்த வயதில் பிள்ளை ஒரு பொருளைப் புரிந்துகொள்வது வாயால். அதனால் பொம்மை எவ்வளவு அழகு என்பதைவிட, எது கழன்று வரும் என்பதுதான் முதல் கேள்வி.

சிறு துண்டுகள்: பொம்மையின் கண், பொத்தான், செருப்பு, கம்மல். சர்வதேசச் சோதனையில் 31.7 மி.மீ விட்டமுள்ள ஒரு குழாய் பயன்படுகிறது. அதற்குள் முழுவதும் அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழே ஆகாது. நமது 10 ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. அதைச் சுற்றிக் கொஞ்சம் தளர்வாக ஒரு தாளைச் சுருட்டினால் கிட்டத்தட்ட அந்தக் குழாய் தயார். அதற்குள் போகும் துண்டு எதுவும் வேண்டாம். கண்களைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். ஒட்டிய கண்ணைவிட நூலால் பின்னிய கண் நல்லது.

பொத்தான் பேட்டரி: பாடும், மின்னும் பொம்மைகளில் இருக்கும் வட்டமான சின்ன பேட்டரிதான் மிகப் பெரிய ஆபத்து. 20 மி.மீ அளவுள்ள லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், எச்சிலோடு சேர்ந்து மின்சாரம் பாய்ந்து, 2 மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடியதாக இருக்க வேண்டும். விரல் நகத்தால் திறக்க முடிகிற மூடி என்றால் அந்தப் பொம்மையை வாங்காதீர்கள்.

காந்தம்: உடையைக் காந்தத்தால் ஒட்டும் பொம்மைகள் வருகின்றன. இரண்டு காந்தத் துண்டுகளை விழுங்கினால், குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் பிடித்துக்கொண்டு ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளும். குடல் ஓட்டையாகும்.

கயிறும் முடியும்: ஒரு சாணுக்கு மேல் நீளமான கயிறு, ரிப்பன் எதுவும் வேண்டாம். கொத்துக் கொத்தாக உரிந்து வரும் முடியும் வேண்டாம்.

வாசனை: கவரைப் பிரித்ததும் மூக்கைத் துளைக்கும் பிளாஸ்டிக் நெடி, ஈரத்துணியால் துடைத்தால் சாயம் ஒட்டுவது, இரண்டும் வேண்டாம் என்பதற்கான அறிகுறி. ஆனால் நெடி இல்லை என்பதால் ஈயமும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதைச் சோதனைக்கூடம்தான் சொல்லும். முத்திரை தேவைப்படுவது அதற்காகத்தான்.

பெட்டியில் '0-3' என்று எழுதி, குறுக்கே கோடு போட்ட வட்டப் படம் இருந்தால், மூச்சடைக்கும் ஆபத்து இருக்கு என்று பொருள். 'எங்க பிள்ளை புத்திசாலி, சமாளிச்சுக்கும்' என்று பல வீடுகளில் இதைத் தள்ளிவிடுகிறார்கள். வயது வரம்பு பிள்ளையின் அறிவைப் பற்றியதல்ல, தொண்டையின் அளவைப் பற்றியது.

ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும் இடத்தில் எந்தப் பஞ்சுப் பொம்மையும் இருக்கக் கூடாது என்பதும் குழந்தை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் நம்முடையது. துணிப் பொம்மையை அடிக்கடி துவைத்து நல்ல வெயிலில் காய வையுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

லபுபு மோகம் சொல்லும் பாடம்

2025-ல் உலகையே ஆட்டிய லபுபு பொம்மை, பையில் மாட்டும் அலங்காரமாக நம்ம ஊர்க் கடைகள் வரை வந்துவிட்டது. மலிவாகக் கிடைப்பவற்றில் நிறைய போலி. அந்தப் போலிகளின் பாகங்கள் எளிதில் உடைந்து, சிறு குழந்தைகளின் மூச்சை அடைக்கலாம் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. இதில் இன்னொரு விஷயம்: அசல் லபுபுவே சிறு குழந்தைக்கான பொம்மை அல்ல. அது பெரியவர்கள் சேகரிக்கும் பொருள். அக்காவின் கல்லூரிப் பையில் தொங்குவது தம்பியின் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்வது நம்ம பொறுப்பு.

எந்தப் பொம்மைதான் பிள்ளையைப் பிடித்து வைக்கும்?

பாதுகாப்பு பாதி, பிள்ளை அதோடு விளையாட வேண்டுமே? 'ஏ.பி.சி.டி சொல்லித் தரும்' என்று விற்கப்படும் பொம்மைகள் இதில் அவ்வளவு கைகொடுப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஆனா சோசா 10 முதல் 16 மாதக் குழந்தைகள் உள்ள 26 குடும்பங்களைக் கவனித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், மின்னணுப் பொம்மை ஓடும்போது பெற்றோர் பேசும் சொற்கள் குறைந்தன. புத்தகத்தோடு உட்கார்ந்தபோது அதிகம் பேசினார்கள். பொம்மை பேச ஆரம்பித்தால் அம்மா அப்பா பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

எண்ணிக்கையிலும் அப்படித்தான். ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் 36 பேரை வைத்து அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகம் செய்த ஆய்வில், 16 பொம்மைகளைக் கொடுத்தபோது இருந்ததைவிட, 4 பொம்மைகளை மட்டும் கொடுத்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள்.

பாவனை விளையாட்டு பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதில் தொடங்கும். பொம்மைக்குச் சோறு ஊட்டுவது, தூங்க வைப்பது, "அழாதே" என்று தட்டிக்கொடுப்பது எல்லாம் அப்போதுதான் வரும். அதற்குத் தேவை கட்டிப்பிடிக்கிற அளவில், துவைக்க முடிகிற, பேசாத ஒரு துணிப் பொம்மை. கூடவே ஒரு துண்டு, ஒரு கிண்ணம். பெண் பிள்ளைக்கு மட்டும்தான் என்றில்லை, பையனுக்கும் கொடுங்கள்.

இணையத்தோடு இணைந்து பதில் சொல்லும் 'ஸ்மார்ட்' பொம்மைகளைத் தள்ளி வைப்பது நல்லது. 'மை ஃபிரெண்ட் கெய்லா' என்ற பேசும் பொம்மை ஒட்டுக்கேட்கும் கருவியாகப் பயன்படலாம் என்று ஜெர்மனி 2017-லேயே தடை செய்தது.

ஏதாவது விழுங்கிட்டா?

பொத்தான் பேட்டரியோ காந்தமோ விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும்; காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பழம் கொடுத்து இறக்கப் பார்க்காதீர்கள். எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். பொம்மையின் கவரையும் எடுத்துச் செல்லுங்கள். மாவட்டத்தில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வண்டி இல்லாவிட்டால் 108.

தொண்டையில் அடைத்து, இருமவோ அழவோ முடியாமல் தவித்தால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்வாக இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் 5 தட்டு. பிறகு மல்லாத்தி, மார்பின் நடுவில் இரண்டு விரலால் 5 அழுத்து. அடைப்பு நீங்கும் வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 5 முதுகுத் தட்டு, பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே 5 முறை உள்நோக்கி மேலே அழுத்துவது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தேடக் கூடாது. இன்னும் உள்ளே போய்விடும். இதை ஒருமுறையாவது ஒரு செவிலியரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

யார் பொறுப்பு?

சட்டம் இருக்கிறது, தண்டனை இருக்கிறது, செயலியும் இருக்கிறது. ஆனால் சந்தையில் ஒரு பொம்மையைத் திருப்பிப் பார்க்கும் வேலை இன்னும் பெற்றோர் தலையில்தான் விழுகிறது. மொத்த விற்பனைக் கிடங்கில் சோதனை நடந்தால், தார்ப்பாய்க் கடைக்காரரைப் பிடித்து அபராதம் போட வேண்டிய தேவையே குறையும். திருவிழாக் கடைகளுக்கு இடம் ஒதுக்கும்போதே 'முத்திரையில்லாத பொம்மை கூடாது' என்று உள்ளாட்சி அமைப்பும் விழாக் குழுவும் ஒரு நிபந்தனை போட்டால் பெரிய செலவொன்றும் இல்லை.

அதுவரை நம்மால் செய்ய முடிவது ஒன்று. அடுத்த முறை பொம்மை வாங்கும்போது விலை கேட்பதற்கு முன், "அண்ணே, இதுல ஐ.எஸ்.ஐ இருக்கா?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆள் வருவதற்குள் அவர் மொத்தக் கடையில் அதே கேள்வியைக் கேட்டிருப்பார்.